திருப்பிப் போட்ட ஜேக்கெட்

மலேசியாவில், அதுவும் கெடாவில், ஏதப்பா குளிர் என்று கேட்பவர்களிடம் வாதம் செய்வதை நான் விட்டுவிட்டேன். பாக்கார் ஆராங்கில் எங்கள் வரிசை வீட்டில் தை மாதத்து மத்தியானம் மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிடும். அந்த வீட்டு வாசலில் ஒருவன் விடியற்காலையில் இரண்டு ஜோடி காலுறை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காற்சட்டை, கக்கத்தில் கம்பளிக் கையுறை சகிதம் காடியில், அதாவது காரில், ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்? "கேமரன் மலைக்கா, அண்ணே?" என்பார். "கரங்கானுக்கு" என்பேன். நான் கிண்டல் செய்வதாக நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாகச் சிரிப்பார்.

உண்மையில், எங்கள் ஊரைப்போலவே அனலடிக்கும் அந்தக் கரங்கானுக்குத்தான் போவேன். அங்கே எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், புல்தரையை நீளமாகச் சமப்படுத்தி ஓடுபாதை போட்டிருக்கிறார்கள். கோடியில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் எங்கள் வண்டி. விமானம் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே கதவு, ஜன்னல், சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கற்பனை செய்துகொள்கிறார்கள். அதனால்தான் வண்டி என்கிறேன். மூன்று சக்கரம், தலைக்கு மேலே துணிச் சிறகு, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இருக்கை, அதற்குப் பின்னால் இஞ்சின், இஞ்சினுக்கும் பின்னால் காற்றாடி. அவ்வளவுதான். ஓட்டுகிறவனுக்கும் வானத்துக்கும் நடுவில் அவனுடைய சட்டை மட்டும்தான் இருக்கும்.

கூலிமில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீன முதலாளி ஒருவர், நாங்கள் தவுக்கே என்போம், இதை ஆசையாக வாங்கிவிட்டு, இஞ்சின் கோளாறு பார்க்க என்னைக் கூப்பிட்டார். நான் தொழிற்பேட்டையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். இஞ்சின் பார்க்கப் போனவன் பறக்கப் படித்து, பரீட்சையும் தேறி, இப்போது வண்டியில் பாதிக்குச் சொந்தக்காரன். இதையெல்லாம் என் மனைவியிடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னேன். ஒரேயடியாகச் சொல்ல எனக்கு என்ன பைத்தியமா?

மழைக்காலம் ஓய்ந்து தை பிறக்கும்போது எங்கள் பக்கம் சயாமிலிருந்து காய்ந்த காற்று வரும். வானம் கழுவித் துடைத்ததுபோல் இருக்கும். பறக்க இதைவிட நல்ல பருவம் கிடையாது, குளிருக்கும் இதுதான் பருவம். விடிந்தும் விடியாத நேரத்தில் பனிமூட்டம் செம்பனை மட்டைகளுக்கு அடியில் தேங்கி நிற்கும். எழும்பும்போது அந்த ஈரம் முகத்தில் அறையும். கொஞ்சம் மேலே போனதும், யாரோ அடுப்பங்கரைக் கதவைத் திறந்துவிட்டதுபோல் வெதுவெதுப்பாக ஒரு காற்று வரும். அதை நம்பி உடுப்பைத் தளர்த்தினால் தொலைந்தோம். அதற்கும் மேலேதான் அசல் குளிர் இருக்கிறது. மலை உச்சிக் காற்றில் நெடுஞ்சாலை வேகத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் எப்படி இருக்குமோ அப்படி. முதலில் மூக்கு போகும், அப்புறம் முழங்கால், கடைசியில் விரல். விரல் மரத்துவிட்டால் சிறகைத் திருப்பும் பிடியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் தாழப் பறக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். தாழப் பறக்கும்போது இஞ்சின் நின்றால் கீழே செம்பனை மரம்தான் மடி. உயரத்தில் நின்றால் வழுக்கிக்கொண்டே வந்து நல்ல இடமாகப் பார்த்து இறங்கலாம். உயரம் என்பது யோசிக்கக் கிடைக்கிற நேரம். அதற்குக் குளிரால் விலை கொடுக்க வேண்டும்.

கதகதப்பாக இருக்க என்னென்னவோ செய்து பார்த்தேன். மப்ளர் சுற்றிக்கொண்டு போன முதல் நாளே தவுக்கே அதை என் கழுத்திலிருந்து உருவி எறிந்தார். துண்டு, தொப்பி, சால்வை எதுவாக இருந்தாலும் நழுவினால் நேராகப் பின்னால் காற்றாடிக்குள்தான் போகும், அத்தோடு எல்லாம் முடிந்தது. சுக்குக் கோப்பி வயிறு நிறையக் குடித்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது, ஆனால் அரை மணி நேரத்தில் வேறொரு அவஸ்தை வந்தது. மேலே ஓரங்கட்டி நிறுத்த இடம் கிடையாது. கடைசியில் நெஞ்சில் பழைய நாளிதழ், அதற்கு மேலே திருப்பிப் போட்ட ஜேக்கெட் என்று ஒரு வழிக்கு வந்தேன்.

திருப்பிப் போடுவது என் கண்டுபிடிப்பு இல்லை. காலையில் லூனாஸ் சாலையில் நின்று பாருங்கள், பேக்டரிக்குப் போகிற மோட்டார் சைக்கிள்காரர்களில் பாதிப்பேர் ஜேக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாட்டியிருப்பார்கள். கையை மட்டும் நுழைத்து, மூடிய முதுகுத் துணியை நெஞ்சுக்குக் கொடுத்துவிட்டு, ஜிப்பைப் பின்னால் திறந்தபடி விட்டுவிடுவார்கள். காற்று முன்னாலிருந்துதானே வருகிறது, முதுகுக்கு எதற்குத் துணி? மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று பேதமில்லாமல் எங்கள் நாட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட சங்கதி இது. நானும் லூனாஸில் பிறந்து அந்தச் சாலையில் வேலைக்குப் போய் வந்தவன்தான். ஆகாயத்திலும் அப்படியே போட்டேன்.

என் மனைவிக்குக் குளிரே ஆகாது. காடியில் ஏர்கோன் போட்டால் தன் பக்கத்துத் துவாரத்தை அடைத்துவிடுவாள். சுங்கைப்பட்டாணி டவுனில் தையல் கடையில் வேலை செய்கிறாள். நான் பறந்துவிட்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், ஆசையாக அவள் கையைப் பிடித்தேன். வெடுக்கென்று உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அவளே சொன்னாள். அவளுடைய தம்பி லூனாஸ் சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போனவன். ஆஸ்பத்திரியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

"உங்க கை அந்த மாதிரியே இருந்துச்சு," என்றாள். "எனக்கு வேணாம்ங்க அது."

அதற்குப் பிறகு நான் ஒரு தந்திரம் செய்தேன். இறங்கியதும் தவுக்கேயின் லாரியைக் கிளப்பி ஓடவிட்டு, சூடான பானெட்டில் இரண்டு கையையும் ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பேன். வழியில் கடையில் தே தாரிக் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருப்பேன். அப்புறம்தான் வீட்டுக்குப் போவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். "பானெட்ல கை வெச்சுட்டுத்தானே வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "உள்ளங்கை சுடுது, விரல் நுனி ஐஸா இருக்கு. யாருக்குங்க இப்படி இருக்கும்?"

போன வருஷம் ஒரு காலையில் இஞ்சின் நின்றது. ஆனைக்கும் அடி சறுக்கும், என் இஞ்சினுக்குச் சறுக்காதா? உயரம் இருந்ததால் வழுக்கிக்கொண்டு வந்து, மறுநடவுக்காக மரம் வெட்டி மொட்டையாகக் கிடந்த ஒரு தோட்டத்துச் சாலையில் இறங்கினேன். ஒரு கீறல்கூட இல்லை. வீட்டில் சொன்னபோது அவள் கத்தவில்லை, அழவில்லை. சாமி அறைக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள்.

"தைப்பூசத்துக்கு உங்க முடியக் குடுக்கறதா முருகன்கிட்ட சொல்லிட்டேன்," என்றாள்.

"என் முடியையா? என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலையே லா."

"சாமிகிட்ட பேசும்போது நடுவுல உங்கள எதுக்குக் கேக்கணும்?"

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான் இது. என் தலையில் மிஞ்சியிருந்ததே கொஞ்சம். ஆனால் அவள் இன்னும் முடிக்கவில்லை.

"மொட்ட போட்டு முடிச்சதும் ஒரே ஒரு தடவ நானும் பின்னால உக்காந்து வர்றேன். பாக்காம ஒண்ண வேணாம்னு சொல்றது நியாயம் இல்ல. பாத்துட்டுச் சொல்றேன். வேணாம்னு சொன்னா அன்னியோட விட்டுடணும்."

சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அவள் நியாயமாகப் பேசிவிட்டால் எனக்கு எப்போதும் தோல்விதான்.

அதிலிருந்து எனக்கு ஒரே கவலை. குளிர் ஆகாதவளைக் குளிருக்குள் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். கொஞ்சம் நடுங்கினாலும் கதை முடிந்தது, என் பாதி வண்டியைத் தவுக்கேயிடமே விட்டுவிட வேண்டியதுதான். அவர் கடையில் மீன், கோழி வைக்கும் உறையறைகளில் வேலை செய்பவர்களுக்கான தடித்த ஜேக்கெட் விற்பார்கள். அதில் சின்ன அளவாக ஒன்று எடுத்துக் கொடுத்தார். கம்பளிக் காலுறை வாங்கினேன். என்னிடமிருந்த நல்ல கையுறையை அவளுக்கு என்று எடுத்து வைத்துவிட்டு, எனக்குப் பழையதே போதும் என்று இருந்தேன்.

தைப்பூசத்தன்று சுங்கைப்பட்டாணி கோவிலில் தலை மழித்தார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கிளம்புகிற நேரத்தில், அவள் கோவில் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள்.

"உக்காருங்க. ரெண்டு பேரும் ஒண்ணா மேல போறோம், சாமி சந்தனம் இல்லாம போகக்கூடாது."

தலை முழுக்கக் குளிரக் குளிரப் பூசினாள். சவரக்கத்தி பட்ட எரிச்சலுக்கு இதமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. சாமி சந்தனத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

கொட்டகையில் தவுக்கே என் தலையைப் பார்த்துவிட்டுத் தன் தலையைத் தடவிக் காட்டினார். "மச்சா, போத்தாக் ஆயிட்டியா? மேல செஜுக் லா, ரொம்ப செஜுக்." மொட்டைத் தலைக்குக் குளிரும் என்று மனிதர் தெளிவாகத்தான் சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை, நான் என் மனைவியைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தேன். தாலியை உள்ளே போடச் சொன்னேன். பின்னலை ஜேக்கெட்டுக்குள் திணித்தேன். காதோரம் நாலு மல்லிகைப் பூ இருந்தது.

"பூ வேணாம்."

"நாலே நாலு பூங்க."

"நாலும் காத்தாடிக்குள்ள போகும்."

எடுத்து எங்கள் காடியின் டேஷ்போர்டு பிள்ளையாருக்கு வைத்துவிட்டு வந்தாள். தலைக்கவசமும் மாட்டிவிட்டதும், கண்ணைத் தவிர அவளில் ஓர் அங்குலம்கூட வெளியே தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்புறம் என் தலைக்கவசத்தை மாட்டினேன். இருந்த கொஞ்ச முடியும் போய், சந்தனமும் வழுக்கியதால் அது தொளதொளவென்று புருவம் வரை இறங்கியது. வாரை இறுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பனிமூட்டத்தைத் தாண்டி அந்த வெதுவெதுப்பான அடுக்குக்குள் வந்ததும், காதுக்கருவியில் அவள் குரல் கேட்டது. "குளிரும்னு சொன்னீங்க? இங்க நல்லாத்தானே இருக்கு." எனக்கு உயிர் வந்தது. அவள் பின்னால் இருக்கிறாள் என்பதால் வழக்கத்தைவிட உயரமாகவே ஏற்றினேன். இஞ்சின் நின்றால் யோசிக்க நிறைய நேரம் வேண்டும்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். தொளதொளத்த கவசத்துக்குள் காற்று புகுந்து, காயாத சந்தனத்தின்மேல் ஓடியது. மொட்டைத் தலையில் ஐஸ் தண்ணீரை யாரோ விடாமல் ஊற்றுவதுபோல் இருந்தது. தலை குளிர்ந்ததும் உடம்பு பூராவும் விட்டுக்கொடுத்துவிட்டது. பழைய கையுறைக்குள் விரல் மரத்தது. திருப்பிப் போட்ட ஜேக்கெட்டின் கழுத்து வழியாகக் காற்று வளைந்து முதுகில் இறங்கியது. பல் கிட்ட ஆரம்பித்தது. ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்கென்றே சொன்னது போலும். அவளை மூட்டையாகக் கட்டிய நான், என்னை ஏறக்குறைய அம்மணமாக விட்டிருந்தேன்.

பிடி நடுங்கியது, வண்டியும் லேசாக நடுங்கியது.

"பயப்படுறீங்களா?" என்று கேட்டாள்.

"இ... இல்ல. குளிருது."

எனக்குத் தெரிந்துவிட்டது, இறங்கியதும் வேண்டாம் என்பாள், சொல்லவும் வேண்டும். புருஷன் முன்னால் உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்குவதை எந்தப் பெண்டாட்டி பார்த்துக்கொண்டிருப்பாள்? திரும்பி இறங்கத் தயாரானேன்.

"உங்க ஜேக்கெட் பின்னால தொறந்து கெடக்குங்க."

"அப்படித்தான் போடுவேன்."

"முதுகுக்குக் குளிராதா?"

"பி... பின்னால காத்து வராது."

"வருது. நான் பாக்கறேன்ல."

இந்த வண்டியில் பின்னால் இருப்பவர் முன்னால் இருப்பவரை ஒட்டித்தான் உட்கார முடியும், அவருடைய முழங்கால்கள் நம் இருபக்கமும் இருக்கும். கையுறையோடு அவளுடைய இரண்டு கையும் என் ஜேக்கெட்டின் திறந்த முதுகுக்குள் நுழைந்தன. "கையுறையக் கழட்டாத," என்றேன். "தெரியும், காத்தாடி," என்றாள். உள்ளங்கைகளை என் தோள்பட்டை எலும்புகளின்மேல் பதித்து, அந்த உறையறை ஜேக்கெட்டோடு முன்னால் சாய்ந்து, திறந்திருந்த இடத்தைத் தன் நெஞ்சால் அடைத்துவிட்டாள். ஓடு பிரிந்த வீட்டுக்குக் கூரை வேய்ந்ததுபோல் இருந்தது. முதுகிலிருந்து சூடு மெல்ல மெல்லத் தோளுக்கு வந்தது. நடுக்கம் நின்றது, வண்டியும் அடங்கியது. இத்தனை வருஷம் பறந்தும் என் முதுகு குளிர்ந்துகொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வடமேற்கே குனோங் ஜெராய் மலை நீலமாக நின்றது. அதற்கு இடதுபுறம் கடல் தகடுபோல் மின்னியது. கீழே செம்பனை வரிசை வரிசையாகப் போய், லூனாஸ் பக்கம் கூரைகளாக மாறியது.

"அந்த ரோடு எது?"

எந்த ரோடு என்று நான் கேட்கவில்லை. இடதுபக்கம் சாய்த்துக் காட்டினேன். காலை வெயிலில் கறுப்பு நூல்போல் கிடந்தது. அதில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவ்ளோ சின்னதா இருக்கு," என்றாள்.

இறங்கி, இஞ்சினை நிறுத்தியதும் வழக்கம்போல் தவுக்கேயின் லாரி பக்கம் நடந்தேன். அவள் விடவில்லை. "இங்க வாங்க," என்று என்னைக் கொட்டகைப் பலகையில் உட்காரவைத்து, என் கையுறைகளை உருவினாள். விரல்கள் வெளுத்து, நகக்கண் நீலம் பாய்ந்திருந்தது. மறைக்க ஒன்றுமில்லை. தன் கையுறையையும் கழற்றிவிட்டு, என் இரண்டு கையையும் சேர்த்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். உதறப் போகிறாள் என்று காத்திருந்தேன். தவுக்கே எங்களைப் பார்த்துவிட்டு, ஏதோ வேலை இருப்பதுபோல் கொட்டகைக்குப் பின்னால் போய்விட்டார்.

அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனிமூட்டம் மரங்களுக்கு அடியிலிருந்து கலைந்து போனது. என் விரல் நுனியில் முதலில் குத்தல் வந்தது, அப்புறம் எரிச்சல், அப்புறம் ரத்தம் ஓடுகிற சுகம்.

"சூடாவுது," என்றாள்.

"ஆவும்."

"அவன் கைய எவ்ளோ நேரம் புடிச்சிருந்தேன் தெரியுமா? தேச்சுத் தேச்சுப் பாத்தேன். சூடே ஆவல." என் விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "இது ஆவுதுங்க. புடிச்சா சூடாவுது."

அவள் அழுதாள். நானும்தான். சந்தனம் வழிந்து கண்ணில் பட்டது என்று பிறகு தவுக்கேயிடம் சொன்னேன், அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார். பானெட்டில் சூடேற்றி, தே தாரிக் கோப்பையில் சூடேற்றி, நான் அவளிடம் கொண்டுபோனதெல்லாம் பாதி சூடான கைதான். முழுக்கக் குளிர்ந்த கை அவள் கைக்குள்ளேயே சூடாவதை ஒருநாளும் அவளுக்கு நான் காட்டவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே பானெட்ல கைய வெக்காதீங்க," என்றாள். "அப்படியே வீட்டுக்கு வாங்க."

அப்படியானால் பறக்கலாமா என்று வாய்வரை வந்தது. கேட்டுக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இருந்துவிட்டேன். வழியில் பசியாறினோம். இரண்டு ரோத்தி சானாய் சாப்பிட்டுவிட்டு மூன்றாவதும் கேட்டாள். குளிர் நன்றாகப் பசிக்க வைக்கிறது என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து வந்தபோது தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் ஜேக்கெட் அவள் மடியில் கிடந்தது. "திரும்புங்க," என்று முதுகை அளந்தாள். உறையறை ஜேக்கெட்டின் துணியைப்போலவே தடித்த துணியில், இரண்டு பக்கமும் பட்டன் வைத்து, திறந்த முதுகை மூடுகிற மாதிரி ஒரு துண்டு தைத்திருந்தாள். வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம்.

"அழகா இருக்கு. ஆனா எதுக்குக் கழட்டுற மாதிரி வெச்ச? ஒரேயடியா சேத்துத் தெச்சிருக்கலாமே."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இது நான் வராத நாளைக்கு," என்றாள்.